கைத்தட்டலுக்கு முன் ஒரு மேடை

நண்பர்களே, டென்சல் வாஷிங்டனை நாம் திரைப்படங்களில் பார்த்து ரசித்திருக்கிறோம். அவரைத் தொடக்கக் காலத்தில் மேடையேற்றிய குழுக்களுள் ஒன்று, நியூயார்க்கின் 'நீக்ரோ என்செம்பிள் கம்பெனி' என்ற கறுப்பின நாடகக் குழு.

1966-இல் டக்ளஸ் டர்னர் வார்டு என்ற நாடகக் கலைஞர், அமெரிக்க மேடை வெள்ளையருக்கு மட்டும்தானா எனக் கேட்டு 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழில் எழுதினார். கேள்வியோடு நிற்கவில்லை. ராபர்ட் ஹூக்ஸ், ஜெரால்டு குரோன் ஆகியோருடன் சேர்ந்து, ஃபோர்டு அறக்கட்டளையின் நிதியுதவியோடு 1967-இல் இக்குழுவைத் தொடங்கினார். நடிகர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் மேடைப் பணியாளர்களுக்கும் அங்கே பயிற்சி கிடைத்தது.

'நீக்ரோ' என்ற பெயர் ஏன், வெள்ளையர் பணம் ஏன், ஹார்லெமில் நடத்தாதது ஏன் என்று சொந்த இனத்தாரே குறைகூறினர். குழு தொடர்ந்து நாடகம் போட்டது. ஜோசப் வாக்கரின் 'தி ரிவர் நைஜர்' பிராட்வேக்குச் சென்று, 1974-இல் சிறந்த நாடகத்திற்கான டோனி விருதைப் பெற்றது. சார்ல்ஸ் ஃபுல்லரின் 'எ சோல்ஜர்ஸ் பிளே' 1982-இல் புலிட்சர் பரிசு வென்றது. டென்சல் நடித்தது இதில்தான்.

இந்நாடகத்தின் கதை என்னை உலுக்கியது. 1944-இல் ஒரு இராணுவ முகாமில் கறுப்பின சார்ஜன்ட் கொல்லப்படுகிறார். கொன்றவர்கள் வெள்ளையர் என்றே எல்லாரும் நினைக்கிறார்கள். கொன்றவனோ ஒரு கறுப்பினச் சிப்பாய். சார்ஜன்டோ தன் இனத்தாரையே இழிவாக நடத்தியவர். தன் சமூகத்தின் காயத்தை ஃபுல்லர் மூடி மறைக்கவில்லை. அந்த நாடகம்தான் உயர்ந்த பரிசைக் கொண்டுவந்தது. 2020-இல் அது முதன்முறையாகப் பிராட்வே மேடையும் ஏறியது.

தமிழ்ப்பள்ளியில் ஆண்டுதோறும் நாடகத்தில் வசனம் பேசியவன் நான். இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் எங்களுக்குக் கிடைத்தது ஒரு நடனம் மட்டுமே. வண்ண உடை உண்டு, வசனம் இல்லை. அப்போது வருந்தினேன். ஆனால், சென்ற ஆண்டு நம் கழக நாடகத் தேர்வில், நம் குடும்பங்களில் நிலவும் சாதிப் பற்றைப் பேசிய பிரதி ஒன்று வந்தபோது, "வெளியார் பார்ப்பார்கள், வேண்டாம்" என்று கையுயர்த்தியவர்களில் நானும் ஒருவன். வசனம் பேச மேடை கிடைத்தும் வாயை மூடிக்கொண்டேன்.

அங்கீகாரத்தை எதிர்பார்த்து எழுதினால் அலங்காரம்தான் மிஞ்சும். நம்மவருக்கு உண்மையைச் சொல்லும் துணிவு முதலில் வேண்டும்; கைத்தட்டல் பிறகு வரட்டும். அந்தப் பிரதி இன்னும் கழக அலமாரியில்தான் இருக்கிறது. இவ்வாண்டு அதை எடுப்போமா?