பாதியில் விடக்கூடாத ஊசி

"ஸ்கேன்ல எலும்பு நல்லாயிருச்சுன்னு வந்திருக்கே, அப்புறம் எதுக்கும்மா ஊசி?" வெளியூரில் இருக்கும் மகன் போனில் கேட்கிறார். அம்மாவுக்கும் அது நியாயமாகப் படுகிறது. அடுத்த ஊசிக்கான தேதி வந்து போகிறது. குணமானால் மருந்தை நிறுத்திவிடலாம் என்பது காய்ச்சலுக்குச் சரி. எலும்புப்புரைக்குப் போடும் டெனோசுமாப் ஊசிக்கு அது தப்புக் கணக்கு. அதற்கான விலையை முதுகெலும்பு கொடுக்க வேண்டியிருக்கும்.

மருந்தைக் குறை சொல்வதற்கில்லை. 2009இல் வெளியான 'ஃப்ரீடம்' ஆய்வில் 60 முதல் 90 வயது வரையிலான 7,868 பெண்கள் பங்கேற்றார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை 60 மில்லிகிராம் டெனோசுமாப் போட்டவர்களுக்கு, மூன்றாண்டுகளில் முதுகெலும்பு முறிவு 68 சதவீதமும் இடுப்பெலும்பு முறிவு 40 சதவீதமும் குறைந்தன. பத்தாண்டுகள் தொடர்ந்து போட்டவர்களின் கீழ்முதுகெலும்பு அடர்த்தி ஏறத்தாழ 22 சதவீதம் கூடியது. ஆனால் இந்தப் பலனெல்லாம் தேதி தவறாமல் போட்டுக்கொண்டவர்களுக்குக் கிடைத்தது.

நிறுத்தியவர்களின் கதை வேறு. அந்த ஆய்விலும் அதன் தொடர்ச்சியிலும் ஊசியை நிறுத்திய 1,001 பெண்களைக் கவனித்தார்கள். ஊசி போட்ட காலத்தில் ஆண்டுக்கு 100 பேரில் ஒருவர் என்ற அளவில் இருந்த முதுகெலும்பு முறிவு, நிறுத்திய பின் ஏழானது. மருந்தே போடாதவர்களின் நிலைக்கு வந்துவிட்டார்கள், அவ்வளவுதானே என்று தோன்றலாம். அவ்வளவுதான் என்றால் பரவாயில்லை. நிறுத்திய பின் முறிவு கண்டவர்களில் 100க்கு 60 பேருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட முள்ளெலும்புகள் முறிந்திருந்தன. மருந்தில்லாத வெற்று ஊசி பெற்றவர்களில் அது 39தான்.

இந்த முறிவுக்கு விழ வேண்டும் என்பதுகூட இல்லை. தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது முதுகில் சுரீர் என்று ஒரு வலி. சுளுக்கு என்று தைலம் தேய்த்து, ஒத்தடம் கொடுத்து நாட்கள் ஓடும். எக்ஸ்ரே எடுத்தால் முள்ளெலும்பின் முன்பக்கம் நசுங்கியிருக்கும், அதற்கு மேலே உள்ளதும் கீழே உள்ளதும் சேர்ந்தே நசுங்கியிருக்கலாம். உயரம் குறையும், கூன் விழும். போன உயரம் திரும்பாது.

ஏன் இப்படி? எலும்பு ஒரு பக்கம் கரைந்து, மறுபக்கம் கட்டப்பட்டுக்கொண்டே இருக்கும் உறுப்பு. கரைக்கும் செல்களைத் தூண்டிவிடும் புரதத்துக்கு 'ராங்க் லிகண்ட்' என்று பெயர். டெனோசுமாப் அந்தப் புரதத்தைப் பிடித்து முடக்கும் ஆன்டிபாடி. அது எலும்பில் தங்குவதில்லை, ஆறு மாதத்தில் அதன் வேலை ஓய்ந்துவிடும். அடுத்த ஊசி வரவில்லையென்றால், அடைத்து வைத்த மதகைத் திறந்துவிட்ட மாதிரி, அதுவரை அடங்கியிருந்த கரைக்கும் வேலை பழைய அளவையும் தாண்டிப் பாய்கிறது. சேர்த்த அடர்த்தியெல்லாம் ஓரிரு ஆண்டுகளில் போய்விடுகிறது. ஸ்கேனில் ஏறிய எண் மருந்து இருக்கும்வரைதான். நோய் ஒழிந்ததற்கு அது சான்றிதழ் அல்ல.

இந்தத் தவறான நம்பிக்கை வெறுங்காற்றிலிருந்து பிறக்கவில்லை. எலும்புப்புரைக்குப் பல காலமாகக் கொடுக்கப்படும் அலென்ட்ரோனேட் மாத்திரை, ஆண்டுக்கு ஒருமுறை டிரிப்பாக ஏற்றும் சோலெட்ரோனிக் அமிலம் ஆகியவை எலும்பிலேயே படிந்து வருடக்கணக்கில் தங்குபவை. ஆகவே, முறிவு ஆபத்து அதிகமில்லாதவர்களுக்கு ஐந்தாண்டு மாத்திரைக்கோ மூன்றாண்டு டிரிப்புக்கோ பிறகு மருத்துவர்கள் 'மருந்து விடுமுறை' கொடுப்பதுண்டு. அந்த விடுமுறையை டெனோசுமாபுக்கும் நீட்டிப்பதுதான் வினை. இதற்கு விடுமுறையே கிடையாது. தாமதம்கூட ஆகாது. பிரிட்டன் நோயாளிகளின் பதிவுகளை வைத்து 2020இல் வெளியான ஆய்வில், ஊசி 16 வாரங்களுக்கு மேல் தள்ளிப்போனவர்களுக்கு முதுகெலும்பு முறிவு ஆபத்து கிட்டத்தட்ட நான்கு மடங்காக இருந்தது. கொரோனா ஊரடங்கின்போதுகூட, முந்தைய ஊசியிலிருந்து ஏழு மாதத்தைத் தாண்ட விடாதீர்கள் என்றே எலும்பு மருத்துவ அமைப்புகள் அறிவுறுத்தின.

"தாடை எலும்பு அழுகிடும்னு சொல்றாங்களே" என்பது அடுத்த சாக்கு. பல் பிடுங்கப் போன இடத்தில் யாரோ சொல்ல, ஊசி நின்றுவிடுகிறது. தாடை பாதிப்பு உண்மைதான், ஆனால் அரிது. ஃப்ரீடம் ஆய்வின் தொடர்ச்சியில் ஆண்டுக்கு 10,000 பேரில் ஐந்து பேர் என்ற அளவில்தான் கண்டார்கள். எலும்புக்குப் பரவிய புற்றுநோய்க்கு இதே மருந்தை நான்கு வாரத்துக்கு ஒருமுறை 120 மில்லிகிராம் போடுகிறார்கள். ஆண்டுக் கணக்கில் அது 12 மடங்குக்கும் அதிகம். அங்கே இருக்கும் ஆபத்தை இங்கே கொண்டுவந்து பயப்படுவதில் அர்த்தமில்லை. பல் வேலையை ஊசி தொடங்கும் முன்பே முடித்துக்கொள்ளலாம். இடையில் அவசியப்பட்டால் இரு மருத்துவர்களும் பேசி நாள் குறிக்கட்டும்.

பழியை நோயாளி தலையில் மட்டும் போடுவதும் அநியாயம். "எலும்பு வலுவாக ஒரு ஊசி" என்று சொல்லிப் போட்டுவிட்டு, தொடர வேண்டும் என்பதைச் சொல்லாமல் விட்ட மருத்துவரும் பொறுப்பாளிதான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வர முடியாதவருக்கு, அடுத்த ஊசிக்குப் பணம் கிடைக்குமா என்று தெரியாதவருக்கு, இதை எழுதுவதே தவறு. சிறுநீரகம் இடம் கொடுத்தால் ஆண்டுக்கொரு சோலெட்ரோனிக் டிரிப் அவருக்கு எவ்வளவோ மேல். டயாலிசிஸ் நோயாளிக்கு டெனோசுமாப் ரத்தத்தில் கால்சியத்தை அபாய அளவுக்குக் குறைக்கலாம் என்று 2024 ஜனவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு தன் மிகக் கடுமையான எச்சரிக்கையை வெளியிட்டது. ஆகவே எல்லோருக்குமான ஊசியும் அல்ல இது.

நிறுத்தவே முடியாதா என்றால், முடியும். ஆனால் அந்த இடத்தில் வேறு மருந்து வந்து நிற்க வேண்டும். பெரும்பாலும் சோலெட்ரோனிக் அமிலமோ அலென்ட்ரோனேட்டோ கொடுப்பார்கள். கால்சியம் மாத்திரை அந்த இடத்தை நிரப்பாது. உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த ஊசி ஓடுகிறதென்றால், அடுத்த தேதியை இன்றே காலண்டரில் குறித்துவையுங்கள். முதல் ஊசி இனிமேல்தான் என்றால், கையை நீட்டும் முன் மருத்துவரிடம் கேளுங்கள்: "டாக்டர், இதை நிறுத்தும்போது என்ன கொடுப்பீங்க?" பதில் தெளிவாக வராவிட்டால் அந்த ஊசியைப் போட்டுக்கொள்ளாதீர்கள்.