லோடு இல்லாமல் லாரி வாங்குவீர்களா?

நாமக்கல்லில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். பன்னிரண்டு லாரி, இரண்டு கோழிப்பண்ணை, நாக்கில் எப்போதும் ஒரு கணக்கு. அவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பந்தியில் பேச்சு வழக்கம்போல ஊர் முன்னேற்றத்தில் வந்து நின்றது.

'சேலத்துக்கு மட்டும் ஒரு இன்டர்நேஷனல் ஏர்போர்ட் வந்துட்டாப் போதுங்க. நம்ம முட்டை நேரா துபாய்க்குப் போயிரும்' என்றார் எதிர் இலைக்காரர். அக்கம்பக்கத்து இலைகள் எல்லாம் தலையாட்டின.

நான் நண்பரைக் கேட்டேன். 'போன வருஷம் குடும்பத்தோட சிங்கப்பூர் போனீங்களே, எங்கே ஃப்ளைட் ஏறினீங்க?'

'திருச்சியிலதான்.'

நாமக்கல்லிலிருந்து திருச்சி ஏறத்தாழ 90 கிலோமீட்டர். சேலம் விமான நிலையம் சேலத்தில் இல்லை. சேலத்தையும் தாண்டி, ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் இருக்கிறது. நாமக்கல்லிலிருந்து 70 கிலோமீட்டருக்கு மேல். 'அங்கிருந்தே சிங்கப்பூருக்கு ஃப்ளைட் விட்டா எவ்வளவு நேரம் மிச்சமாகும்?' என்றேன். நண்பர் பாயசத்தை வைத்துவிட்டு மனக்கணக்குப் போட்டார். 'கால் மணி, இருபது நிமிஷம் மிச்சமாகும்' என்றார். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

முட்டைக்கும் இதே கதிதான். நாமக்கல் முட்டை வளைகுடாவுக்குப் போகாமல் இல்லை. குளிர்பதனக் கன்டெய்னரில் ஏறி, துறைமுகம் போய், கப்பலில் போகிறது. ஒரு கிலோ எடைக்குப் பதினெட்டு முட்டை நிற்கும். விமானத்தில் எடைக்குத்தான் காசு. அந்தப் பதினெட்டு முட்டை என்ன விலைக்குப் போகும் என்று உங்களுக்கே தெரியும். ஏதாவது அவசரத்துக்கு வேண்டுமானால் ஏற்றலாம். தினசரி வியாபாரத்துக்கு விமானம் கட்டுப்படியாகாது.

சரி, விமான நிலையம் என்பது என்ன? நான் பி.காம். படித்தவன். எதைப் பார்த்தாலும் நடுவில் கோடு போட்டு, இந்தப் பக்கம் வரவு, அந்தப் பக்கம் செலவு என்று பார்க்கிற வியாதி எனக்கு உண்டு. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வரவு எப்படி வருகிறது? விமானம் இறங்கினால் எடைக்கேற்ற கட்டணம். நின்றால் வாடகை. பயணியிடம் தலைக்கு இவ்வளவு என்று டிக்கெட்டிலேயே சேர்த்து வாங்கிவிடுவார்கள். பெரிய விமான நிலையங்களில் மெத்தக் காசு வருவது வேறு வழியில். கடை வாடகை, கார் பார்க்கிங், விளம்பரப் பலகை, நீங்கள் முணுமுணுத்துக்கொண்டே குடிக்கிற காபி. அதாவது, கூட்டம் இருந்தால்தான் காசு. செலவு அப்படி இல்லை. ஓடுபாதையைப் பராமரிக்க வேண்டும், தீயணைப்பு வண்டி ஆட்களோடு தயாராக நிற்க வேண்டும், கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் ஆள் உட்கார வேண்டும், துப்பாக்கியோடு காவல் வேண்டும். நாளைக்கு இரண்டு விமானம் வந்தாலும் இதெல்லாம் உண்டு, இருபது வந்தாலும் உண்டு. 'இன்டர்நேஷனல்' என்று போர்டு மாட்டினால் சுங்கம், குடியேற்றம், சுகாதாரம் என்று இன்னும் மூன்று நான்கு இலாகாக்கள் மேஜை போட்டு உட்காரும். இதனால்தான் இந்திய விமான நிலைய ஆணையத்தின் நிலையங்களில் பெரும்பாலானவை வருஷா வருஷம் நஷ்டக் கணக்கு எழுதிவந்திருக்கின்றன. சென்னை, கொல்கத்தா போன்ற சிலதுதான் மற்றவற்றைச் சுமக்கும்.

இப்போது சேலத்தைப் பார்ப்போம். காமலாபுரத்தில் ஓடுபாதை 1,806 மீட்டர். இதில் ஏ.டி.ஆர். எனப்படும் சின்ன விமானம் இறங்கலாம். எழுபத்தெட்டு பேர் உட்காரலாம். சென்னைக்குப் போகும் ராத்திரி ரயிலில் ஒரு ஸ்லீப்பர் பெட்டியில் 72 பேர் படுத்துக்கொண்டு போகிறார்கள். ஆக, ஒரு விமானம் என்பது கிட்டத்தட்ட ஒரு ரயில் பெட்டி. இன்னொரு வேடிக்கை. எண்பது இருக்கைக்குக் குறைவான உள்நாட்டு விமானங்களுக்கு ஆணையத்தின் நிலையங்களில் இறங்கு கட்டணமே கிடையாது. இருக்கிற ஒரு வரவிலும் மண்.

இந்த நிலையத்தின் வரலாறு தெரியுமா? 1993-ல் திறந்தார்கள். என்.இ.பி.சி. கம்பெனி கொஞ்ச நாள் விமானம் ஓட்டியது. நின்றுபோனது. அப்புறம் பல வருஷம் பூட்டு. 2009 நவம்பரில் கிங்ஃபிஷர் வந்தது. அதுவும் நிலைக்கவில்லை, பிறகு அந்தக் கம்பெனியே நிலைக்கவில்லை. மறுபடி பூட்டு. 2018 மார்ச் 25 அன்று, சேலத்துக்காரரான முதல்வர் எடப்பாடி பழனிசாமியே வந்து ட்ரூஜெட் சேவையைத் தொடங்கி வைத்தார். மத்திய அரசின் உதான் திட்டம். பாதி இருக்கைகளுக்குக் கட்டண உச்சவரம்பு, கம்பெனிக்கு விழுகிற துண்டை மூன்று வருஷத்துக்கு அரசு ஈடுகட்டும். 2021-ல் ட்ரூஜெட் நின்றது. மூன்று வருஷம் என்பதைக் கவனித்தீர்களா? 2023 அக்டோபரில் அதே உதான் திட்டத்தில் அலையன்ஸ் ஏரும் இண்டிகோவும் வந்தன. பெங்களூரு, கொச்சி, ஹைதராபாத், சென்னை என்று தொடங்கினார்கள். நல்ல விஷயம். ஓடட்டும். ஓடவேண்டும் என்றுதான் நானும் ஆசைப்படுகிறேன்.

என் சண்டை வேறு இடத்தில். இந்த விமானங்கள் நிலைக்குமா என்று தெரிவதற்கு முன்னாலேயே, 2018-லேயே, விரிவாக்கம் என்று சொல்லி ஏறத்தாழ 570 ஏக்கர் கேட்டுவிட்டார்கள். காமலாபுரம், பொட்டியபுரம், சிக்கனம்பட்டி, தும்பிப்பாடி. நாலு ஊர். கிணற்றுப் பாசனத்தில் தென்னையும் காய்கறியும் பூவும் விளைகிற மண். அதே வருஷம்தான் எட்டு வழிச் சாலைக்கும் கல் நட்டார்கள். தும்பிப்பாடி கூட்டத்தில் பேசியதற்காக நடிகர் மன்சூர் அலிகான் கைதானது உங்களுக்கு நினைவிருக்கும். 2021-ல் ஆட்சி மாறியது. ஏக்கர் கணக்கு மாறவில்லை.

ஏன் 570 ஏக்கர்? ஏர்பஸ், போயிங் மாதிரி பெரிய விமானங்கள் இறங்க ஓடுபாதை நீள வேண்டும். நீண்டால் வெளிநாட்டு விமானம் வரும். இதுதான் சொல்லப்படுகிற காரணம். வருமா? ஓடுபாதை நீளமாக இருக்கிறது என்பதற்காக எந்த விமானக் கம்பெனியும் வந்ததில்லை. கூட்டம் இருந்தால் வருவார்கள். அதுவும் வெளிநாட்டுக் கம்பெனி என்றால், இரண்டு நாடுகள் போட்டுக்கொண்ட ஒப்பந்தத்தில் அந்த ஊர் பெயர் இருக்க வேண்டும். மதுரையைக் கேளுங்கள். சுங்க விமான நிலையம் என்று அறிவித்து, கொழும்புக்கும் துபாய்க்கும் விமானம் பறந்தும், அந்தப் பட்டியலில் பெயர் சேர்க்கச் சொல்லி எத்தனை வருஷம் மனு மேல் மனு!

திருச்சி வளர்ந்த வரிசையைப் பாருங்கள். தஞ்சாவூர், புதுக்கோட்டை ஜனங்கள் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் தலைமுறை தலைமுறையாக வேலை பார்த்தார்கள், கடை வைத்தார்கள், பெண் கொடுத்தார்கள். முதலில் மனுஷர்கள். பிறகு விமானங்கள். 'சர்வதேச' அந்தஸ்து 2012-ல். 1,100 கோடிக்கு மேல் செலவழித்த புதிய முனையம் 2024 ஜனவரியில். சேலத்தில் இதைத் தலைகீழாகச் செய்யப் பார்க்கிறார்கள். முதலில் நிலம். மற்றதெல்லாம் வரும்போது வரும்.

தலைகீழாகச் செய்தால் என்ன ஆகும் என்று பார்க்க ரொம்ப தூரம் போகவேண்டாம். பக்கத்தில் இலங்கையில், அம்பாந்தோட்டைப் பக்கம் மத்தளை என்று ஒரு ஊர். அப்போதைய ஜனாதிபதி மகிந்த ராஜபக்சவின் சொந்த மாவட்டம். சீனக் கடன் வாங்கி, 20 கோடி டாலருக்கு மேல் செலவழித்து, 2013 மார்ச்சில் சர்வதேச விமான நிலையம் திறந்தார்கள். மூன்றரை கிலோமீட்டர் ஓடுபாதை. வருஷத்துக்குப் பத்து லட்சம் பயணிகள் வரலாம் என்று கட்டினார்கள். விமானக் கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. 2015-ல் அங்கே நெல் மூட்டை அடுக்கினார்கள். கிண்டலுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே அரசு நெல்லைச் சேமிக்கும் கிடங்காகப் பயன்பட்டது. ஓடுபாதைக்குள் வரும் யானைகளையும் எருமைகளையும் விரட்ட ஆள் போட்டார்கள். உலகத்திலேயே காலியான சர்வதேச விமான நிலையம் என்று பெயர் வாங்கியது. இடித்துவிட்டு மறுபடி விவசாயம் பண்ண முடியுமா? கான்க்ரீட்டில் என்ன முளைக்கும்?

இதற்கு நடுவில் 2024 ஜூனில் சட்டமன்றத்தில் இன்னொரு அறிவிப்பு வந்தது. ஓசூரில் 2,000 ஏக்கரில் சர்வதேச விமான நிலையம், வருஷத்துக்கு மூன்று கோடிப் பயணிகள். பெங்களூரு விமான நிலையத்தோடு போட்ட ஒப்பந்தப்படி 2033 வரை 150 கிலோமீட்டருக்குள் புதுசாக ஒன்று வரக்கூடாது. அதையும் சமாளித்து ஓசூர் வந்துவிடுகிறது என்றே வைத்துக்கொள்வோம். சேலத்துக்காரர் வடக்கே பெங்களூரு சாலையில் போனால் ஓசூர், மேற்கே கோவை, கிழக்கே திருச்சி. நடுவில் காமலாபுரத்துக்கு எந்த சர்வதேசப் பயணி மிச்சம் இருப்பார்? இந்த இரண்டு திட்டத்தையும் ஒரே மேஜையில் வைத்து யாராவது பார்த்தார்களா?

'எல்லாத்தையும் எதிர்த்தா எப்படி சார் நாடு முன்னேறும்?' என்று நீங்கள் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். பதில் கொச்சியில் இருக்கிறது. 1999-ல் திறந்த நெடும்பாசேரி விமான நிலையம், அரசு மட்டும் போட்ட பணத்தில் வந்ததில்லை. வளைகுடாவிலும் மற்ற நாடுகளிலும் இருந்த ஆயிரக்கணக்கான மலையாளிகள் ஆளுக்குக் கொஞ்சம் பங்கு வாங்கினார்கள். கேரள அரசும் பெரிய பங்குதாரர். கூட்டம் எங்கே இருக்கிறது என்று முதலிலேயே தெரியும், ஏனென்றால் அந்தக் கூட்டமே முதலாளி. எண்ணூறுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் வீடு நிலம் விட்டுக் கிளம்ப வேண்டியிருந்தது. சண்டை இல்லாமல் நடக்கவில்லை. ஆனால் அவர்களுக்கு மாற்று மனை, வேலை, விமான நிலையத்திலேயே டாக்ஸி ஓட்டும் உரிமை என்று ஏற்பாடு செய்தார்கள். 2023-24-ல் அந்தக் கம்பெனி பங்குதாரர்களுக்கு 45 சதவீதம் டிவிடெண்ட் கொடுத்தது. பத்து ரூபாய் பங்குக்கு நாலரை ரூபாய்.

சேலத்தில் நிலம் கொடுக்கிறவருக்கு என்ன? ஒரு செக். அதோடு கணக்கு முடிந்தது.

2022-ல் தமிழக அரசு மத்திய அரசிடம் ஒரு வாதம் வைத்தது. நான் அப்போதே கைதட்டினேன். விமான நிலைய விரிவாக்கத்துக்கு மாநிலம் காசு போட்டு நிலம் எடுத்துக் கொடுக்கிறது. பிறகு அந்த நிலையத்தைத் தனியாருக்குக் கொடுத்தால், நிலத்தின் மதிப்புக்கேற்ற பங்கு மாநிலத்துக்கு வரவேண்டும் என்றது. நூற்றுக்கு நூறு நியாயம். அகமதாபாத், லக்னோ, திருவனந்தபுரம் என்று ஆறு விமான நிலையங்கள் ஐம்பது வருஷத்துக்கு அதானி கைக்குப் போனதைப் பார்த்தபின் வந்த ஞானம். நிலம் வெறும் மண் இல்லை, அது முதல் என்று மாநிலத்துக்குப் புரிந்திருக்கிறது. அதே வாதத்தைச் சிக்கனம்பட்டி விவசாயி மாநிலத்திடம் வைத்தால் மட்டும் ஏன் காது கேட்பதில்லை? புனேயில் மகர்பட்டா விவசாயிகள் நூற்றுச் சொச்சம் குடும்பங்கள் சேர்ந்து, நானூறு ஏக்கருக்கு மேல் நிலத்தை விற்காமல், அதையே முதலாகப் போட்டுக் கம்பெனி தொடங்கிப் பங்குதாரர் ஆனார்கள். டவுன்ஷிப்புக்கு முடிந்தது ஏர்போர்ட்டுக்கு முடியாதா?

கேட்பது பெரிசாக ஒன்றுமில்லை. இருக்கிற ஓடுபாதையில் உதான் மானியம் இல்லாமல் விமானம் ஓடிக் காட்டட்டும். பெரிய விமானம் விடத் தயார் என்று எந்தக் கம்பெனி கையெழுத்துப் போட்டிருக்கிறது என்று சொல்லட்டும். ஐந்து வருஷ வரவு செலவு மதிப்பீட்டை நாலு ஊர் கிராமசபையிலும் தமிழில் படிக்கட்டும். அப்புறம் நிலம் கேட்கட்டும், பங்கோடு. இதைக் கல்யாண வீட்டு நண்பரிடம் சொன்னேன். 'நீங்க லோடு இல்லாம லாரி வாங்குவீங்களா?' என்றும் கேட்டேன். 'டியூ கட்டறது வேற ஒருத்தன்னா வாங்குவேனே!' என்று சிரித்தார்.

டியூ கட்டுகிற ஆளைப் பார்க்க மறுநாள் காமலாபுரம் போனேன். மெயின் ரோட்டிலிருந்து உள்ளே ஒரு டீக்கடை. தலைக்கு மேல் ஏ.டி.ஆர். தாழ்வாக வந்து இறங்கியது. யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவருக்கு மூன்று ஏக்கர், ஒரு கிணறு. 2018-லிருந்து அவர் நிலத்தை வாங்க ஆள் வரவில்லை, அடமானத்துக்கும் யாரும் தயாரில்லை. எடுப்பார்களா, விடுவார்களா என்று தெரியாத நிலத்தை எவன் தொடுவான்? போன கோடையில் கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது. தூர் வாரி, பத்தடி வெட்ட வேண்டும். லட்சக்கணக்கில் ஆகும்.

'ஏர்போர்ட் வரட்டும், வராமப் போகட்டும் தம்பி. கெணத்த வெட்டலாமா வேண்டாமானு மட்டும் கேட்டுச் சொல்லுங்க' என்றார்.

கலெக்டர் ஆபீஸில் கேட்டால் சென்னையைக் கேள் என்பார்கள். சென்னையில் கேட்டால் டெல்லி. தொலைபேசி எண் மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன். இன்னும் அவருக்குப் போன் பண்ணவில்லை.