குற்றம் செவியிலா, சங்கிலா?

'செவிடன் காதில் ஊதிய சங்கு' என்றொரு பழமொழி. பயனற்ற முயற்சியைக் குறிக்கப் பாட்டன் சொன்னான், பேரனும் சொல்கிறான். மேடைகளிலே நாமும் சொல்லியிருக்கிறோம், கைதட்டலும் பெற்றிருக்கிறோம். இன்று அந்தப் பழமொழியையே கூண்டில் ஏற்றி விசாரிக்க விரும்புகிறோம்.

கேளாத செவி என்று தெரிந்த பிறகும் சங்கை ஊதியவன் யார்? எழுதிக் காட்டியிருக்கலாமே! சைகையால் உணர்த்தியிருக்கலாமே! ஊதினான், ஊதினான், ஊதிக்கொண்டேயிருந்தான். பின்னர் பழியைச் செவியின்மீது சுமத்திவிட்டு நடந்தான். குற்றம் செவியிலா, சங்கிலா?

பழமைவாதிகளிடம் விடை ஆயத்தமாக இருந்தது. 'முன்வினை' என்றனர், 'தலையெழுத்து' என்றனர். சொல்லோடு நின்றார்களா? சட்டமாகவும் ஆக்கினர். பிறவியிலே செவி கேளாதவனுக்குத் தந்தையின் சொத்தில் பங்கில்லை, உண்ணச் சோறும் உடுக்கத் துணியும் கொடுத்தால் போதும் என்று மனுவின் ஒன்பதாம் அத்தியாயம் விதித்தது. அந்த விதியின் நிழல் வெள்ளையர் ஆட்சியின் நீதிமன்றங்கள்வரை நீண்டது. 1928 இல் தனிச்சட்டம் ஒன்று வந்து அதைத் துடைக்க வேண்டியிருந்தது. செவி கேளாமற் போனது இயற்கை. சொத்து பறிபோனது மனிதன் செய்த ஏற்பாடு! இரண்டையும் ஒரே முடிச்சாகப் போட்டுவிட்டு, முடிச்சுக்கு 'விதி' என்று பெயரிட்டனர்.

மனுவைத் தாண்டிவிட்டோம், இது விஞ்ஞான யுகம் என்று மார்தட்டுவோருக்கும் ஒரு வரலாற்றைக் கூறுகிறோம்.

1876 இல் அலெக்சாண்டர் கிரகாம் பெல் தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்றார். அவருடைய தாயார் செவித்திறன் குன்றியவர். துணைவியாரோ குழந்தைப் பருவத்திலே காய்ச்சலால் செவி இழந்தவர். ஆனால் அந்த வீட்டிலிருந்து புறப்பட்ட கருவி நாடெங்கும் பரவப் பரவ, செவி கேளாதோர் பின்னுக்குத் தள்ளப்பட்டனர். மருத்துவரை அழைக்க வேண்டுமா? அடுத்த வீட்டுக் கதவைத் தட்டு! வேலை வேண்டுமா? தொலைபேசியில் பேச முடியாதவனுக்கு இடமில்லை, போ! நேற்றுவரை தடையாக இல்லாத ஒன்றை இன்று தடையாக்கியது புதிய கருவி. இதிலே முன்வினை எங்கே இருக்கிறது? கருவியைச் செய்தவர் எல்லோரையும் நினைத்துச் செய்யவில்லை, அவ்வளவுதான்!

எண்பத்தெட்டு ஆண்டுகள் உருண்டன. 1964 இல் அந்தப் பூட்டை உடைத்தவர் யார்? இரக்கம் கொண்ட சீமானா? இல்லை. பிறவியிலேயே செவி கேளாத பௌதிக அறிஞர் ராபர்ட் வைட்பிரெக்ட். கலிபோர்னியாவில் வாழ்ந்தவர். அவரோடு தோள் சேர்த்தவர்கள் பல் மருத்துவர் ஜேம்ஸ் மார்ஸ்டர்ஸ், ஆண்ட்ரூ சாக்ஸ் இருவரும். அவர்களும் செவி கேளாதவர்களே! அமெரிக்கத் தொலைபேசித் துறையை ஏகபோகமாக ஆண்டுகொண்டிருந்த நிறுவனம், தன் கம்பியில் பிறர் கருவி எதையும் இணைக்கலாகாது என்று விதித்திருந்தது. வைட்பிரெக்ட் கம்பியைத் தொடவேயில்லை. தொலைபேசியின் கைக்குழலை எடுத்து ஒரு சிறு தாங்கியின்மீது வைத்தார். தட்டச்சில் அடித்த எழுத்து ஒலியாகிக் குழலுக்குள் புகுந்தது. மறுமுனையில் அந்த ஒலி மீண்டும் எழுத்தாகித் தாளில் விழுந்தது. செவியின் உதவியின்றியே தொலைபேசி பேசிற்று!

பழைய தொலையச்சு இயந்திரங்களைத் தேடிப் பிடித்துத் தாமே பழுது பார்த்து, வீடு வீடாகக் கொண்டுசேர்த்தனர் செவி கேளாதோர். 1968 இல், பிறர் கருவியை இணைக்கலாகாது என்ற நிறுவனத்தின் தடை செல்லாது என்று அந்நாட்டுத் தகவல்தொடர்பு ஆணையம் தீர்ப்பளித்தது. தொலைக்காட்சியின் கதையும் இதுதான். திரையின் அடியில் பேச்சை எழுத்தாகக் காட்டும் முறை 1980 இல் அங்கே வந்தது. ஆனால் அதற்கெனத் தனிப் பெட்டி ஒன்றை விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. 1990 இல் சட்டம் பிறந்தது. 1993 முதல் 13 அங்குலமும் அதற்கு மேலும் உள்ள ஒவ்வொரு புதிய தொலைக்காட்சியிலும் அந்த வசதி உள்ளேயே அமைந்தது. கெஞ்சியா பெற்றனர்? கேட்டுப் பெற்றனர்!

இன்று நிலை என்ன? பேசப் பேச எழுத்தாக்கிக் காட்டும் செயலி கைப்பேசியிலே வந்துவிட்டது. 2019 இல் கூகுள் நிறுவனம், செவி கேளாதோருக்கான காலடெட் பல்கலைக்கழகத்தின் துணையோடு அதனை வெளியிட்டது. அது அறிந்த மொழிகளுள் தமிழும் ஒன்று. மிதமான செவிக்குறை உள்ள வயதுவந்தோர் மருத்துவச் சீட்டின்றியே கடையில் காதொலிக் கருவி வாங்கலாம் என்ற விதி 2022 அக்டோபரில் அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்தது. உதவி தேவைப்படும் அளவுக்குச் செவித்திறன் இழந்தோர் உலகில் 43 கோடிப் பேர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். விஞ்ஞானம் தன் கடமையைச் செய்கிறது. நாம் செய்கிறோமா?

'ஐயோ பாவம்' என்று ஆண்டுக்கொருமுறை விழா எடுத்து, ஒரு கருவியை வழங்கி, ஒன்பது புகைப்படம் எடுத்துக்கொள்வது கடமையாகாது. கொடை கொடுப்பவனை உயர்த்துகிறது. உரிமையோ பெறுபவனை நிமிரச் செய்கிறது. மின்னணு ஊடகங்களில் எழுத்து வரியும் சைகைமொழி பெயர்ப்பும் கிடைக்க அரசு வழி செய்ய வேண்டும் என்று 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கூறுகிறது. ஏட்டில் இருக்கும் அந்த எழுத்து, திரைக்கு வரவேண்டும். செயலி இருக்கிறதே, சைகைமொழி எதற்கு என்று கேட்போரும் உளர். இயந்திரம் ஒரு வழி. மொழி ஒரு வாழ்வு. ஒன்றைக் காட்டி மற்றொன்றைப் பறிக்க ஒப்போம்.

பிறரை மட்டும் குற்றம் சாட்டுவது நேர்மையன்று. நம் இயக்கம் பேச்சால் வளர்ந்த இயக்கம். ஊர்தோறும் மேடை கட்டினோம். தெருமுனைதோறும் ஒலிபெருக்கி வைத்தோம். அக்கூட்டத்தின் கடைசி வரிசையில் செவி கேளாத தோழன் ஒருவன் உட்கார்ந்திருந்தான். பேச்சாளரின் கை உயர்வதைக் கண்டான். பிறர் கைதட்டக் கண்டு தானும் தட்டினான். என்ன பேசப்பட்டது என்று அறியாமலே வீடு திரும்பினான். சமத்துவம் பேசிய மேடையே அவனுக்குச் சங்கு ஊதிற்று!

இளைஞர்களே! அடுத்த கூட்டத்துக்கு ஒலிபெருக்கி பேசி அமர்த்தும்போதே, ஒரு வெள்ளைத் திரைக்கும் ஏற்பாடு செய்யுங்கள். பேச்சை எழுத்தாக்கும் கைப்பேசியை அதனோடு இணையுங்கள். எழுத்து தவறினால் திருத்த ஒரு தோழரை அமர்த்துங்கள். சைகைமொழி அறிந்தவர் ஒருவரை மேடையிலேயே நிறுத்துங்கள். செலவு சிறிது, செய்தி பெரிது.

சங்கைக் கீழே வைப்போம். அந்தத் தோழன் இனிக் கைதட்டும்போது, எதற்காகத் தட்டுகிறோம் என்று அறிந்து தட்டட்டும். பிடிக்காவிட்டால், எழுந்து நின்று நம்மை மறுக்கட்டும்!