பாடக்குறிப்பு பேருக்குத்தானா?

என் தங்கை மகள் பி.எட்., படிக்கிறாள். பயிற்சிக்குப் போகும் பள்ளியில், ஆறாம் வகுப்புக்கு, 'அளவீடுகள்' பாடம் நடத்த வேண்டும். என் வீட்டில் உட்கார்ந்துதான் பாடக்குறிப்பு எழுதினாள். அறிவு, உணர்வு, உடலியக்கம் என்று மூன்று களமாம். அறிவுக்குப் பக்கம் பக்கமாக எழுதியவள், மற்ற இரண்டுக்கும் பழைய நோட்டைப் பார்த்து, ஒவ்வொரு வரி, 'காப்பி' அடித்தாள்.

'ஏண்டி, கல்லோட கன அளவுன்னு எழுதியிருக்கியே... பிள்ளைங்க, கல்லைத் தண்ணியில போட்டு, எவ்வளவு ஏறுதுன்னு பார்க்க வேண்டாமா?' என்றேன்.

'பரீட்சையில அதையா கேக்கறாங்க, பெரியம்மா?' என்றாள்.

அமெரிக்காவில், புளூம் என்பவரின் குழு, அறிவுக் களத்தை வகுத்தது 1956ல். உணர்வுக்கான புத்தகம் வந்தது 1964ல் என்றும் சொன்னாள். அங்கேயே எட்டு வருஷம் தாமதம்!

எனக்கு மனசு கேட்கவில்லை. சின்ன வயதில், கரும்பலகையில் கணக்கைத் தப்பாகப் போட்டு, வகுப்பே சிரிக்க நின்றவள் நான். கூட்டல், கழித்தல் நன்றாகத் தெரியும். ஆனாலும், இன்று வரை மளிகை பில்லை, 'நீங்களே ஒரு தடவை பாருங்க' என்று, வீட்டுக்காரரிடம்தான் நீட்டுகிறேன். அறிவு இருந்து என்ன, பயம் போகலையே! இதைச் சொன்னதும், பேனாவை மூடி வைத்து விட்டாள்.

மறுநாள், கோடு போட்ட என் அளவு கப்பையும், பூந்தொட்டியில் கிடந்த நான்கு கூழாங்கற்களையும் எடுத்துப் போனாள். கப் இன்னும் திரும்பி வரவில்லை!

- ஒரு வாசகி, கரூர்.