வழி காட்டுகிறவருக்கு வழி என்ன?

செண்பகத்தோப்பு மலையடிவாரத்துக்கு இப்போது புதிய மனிதர்கள் வருகிறார்கள். முதுகில் பை, காலில் விலையுயர்ந்த பூட்ஸ், கையில் காமிரா. மலையேற வருகிறார்கள். சாம்பல் அணிலைப் பார்க்க வருகிறார்கள். வரட்டும்! மலையழகைக் காணும் உரிமை எல்லோருக்கும் உண்டு. ராஜபாளையத்து ஆலைத் தொழிலாளி வாரத்தில் கிடைக்கும் ஒரு நாள் ஓய்வில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மலையடிவாரத்துக்குப் போனால், அதைவிட நியாயம் வேறில்லை.

ஆனால் ஒரு கேள்வி. இவர்களுக்கு முன்னால் ஒரு பளியர் நடந்து போகிறாரே, அவருக்குக் கூலி என்ன? பாதை மூடிக்கிடக்கும் மாதங்களில் அவர் வீட்டில் அடுப்பு எரிவது எப்படி? பாறையில் வழுக்கி விழுந்து கால் முறிந்தால் அவர் குடும்பத்துக்கு யார் பொறுப்பு? சுற்றுலா வந்தால் மலைமக்கள் வாழ்வு மலரும் என்று பேசுகிறவர்கள் இந்த மூன்று கேள்விகளுக்கும் முதலில் பதில் சொல்லட்டும்.

மலை யாருடையது?

1988இல் இந்த மலைத்தொடர் சாம்பல் அணில் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2021 பிப்ரவரியில் மேகமலையோடு சேர்த்து ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் ஆயிற்று. 2024 அக்டோபரில் மாநில சர்க்கார் மலையேற்றத் திட்டம் ஒன்றைத் தொடங்கி 40 பாதைகளை அறிவித்தது. அவற்றில் செண்பகத்தோப்புப் பாதையும் ஒன்று. மலைமக்களில் சிலருக்குப் பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக அமர்த்தினார்கள். நல்லது, வரவேற்போம். காட்டை அறிந்தவருக்குக் காட்டிலேயே வேலை என்பது சரியான கொள்கை.

ஆனால் வேலை என்றால் அதற்கு ஒரு முறை உண்டு. அழைத்தால் வேலை, அழைக்காவிட்டால் பட்டினி என்ற நிலைக்கு ஆலையில் என்ன பெயர்? பதிலி! ஆலை வாசலில் காத்திருந்து, ஆள் குறைந்தால் மட்டும் உள்ளே போகிற பதிலித் தொழிலாளியின் பாடு நம் தோழர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மலையில் வழிகாட்டியும் ஒரு பதிலிதான். காட்டுத்தீ அபாயமுள்ள கோடையில் பாதை மூடப்படும். அடைமழையில் பாதை மூடப்படும். மூடுவது அவசியம்தான். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறப் போனவர்கள் 20 பேருக்கு மேல் கருகி மாண்டதை மறக்க முடியுமா? ஆனால் பாதையை மூடும்போது வழிகாட்டியின் வயிற்றையும் சேர்த்து மூடிவிட முடியாது.

வழிகாட்டுவது கைத்திறனற்ற வேலையல்ல. காற்று திரும்புவதைக் கவனித்துத் தீ எந்தப் பக்கம் வரும் என்று சொல்வது, யானையின் தடம் காலையில் பதிந்ததா, நேற்றையதா என்று பிரித்தறிவது, மேலே மழை பெய்ததைக் கீழே ஓடையின் நிறம் பார்த்துச் சொல்வது, இவை எந்தக் கல்லூரியிலும் கற்றுத்தரப்படுவதில்லை. தலைமுறை தலைமுறையாகத் தேனெடுத்தும் கிழங்கு அகழ்ந்தும் சேர்த்த அறிவு இது. இந்த அறிவைத்தான் வழிகாட்டி விற்கிறார். அதன் விலையை நிர்ணயிப்பது மட்டும் அவர் கையில் இல்லை.

துரையும் தூண்டிலும்

இந்தத் தொழில் நேற்று முளைத்ததல்ல. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆறுகளில் வெள்ளைக்கார துரைமார் தூண்டில் போட வந்த நாள்முதல் இருந்து வருகிறது. செண்பகத்தோப்பிலேயே மீன்வெட்டிப் பாறை என்று ஓர் அருவி இருக்கிறது. பெயரிலேயே மீன் இருக்கிறது. ஆனால் வயிற்றுக்காக மீன் பிடிப்பது வேறு, பொழுதுபோக்குக்காகப் பிடிப்பது வேறு. இரண்டாவது வகைக்கு ஆங்கிலேயர் சட்டமே செய்தார்கள். நீலகிரியில் வேட்டை விலங்கையும் மீனையும் காக்க 1879இலேயே ஒரு சட்டம் வந்தது. பிறகு சீமையில் பழகிய ட்ரவுட் மீனைக் கொண்டுவந்து மலையோடைகளில் விட்டார்கள். அவலாஞ்சியில் அதற்குக் குஞ்சு பொரிப்பகமும் கட்டினார்கள். துரை ஓய்வாகத் தூண்டில் போட மலையின் மீன் இனத்தையே மாற்றினார்கள்!

1946இல் மைசூர்ப் பக்கம் 120 பவுண்டு, அதாவது 54 கிலோ எடையுள்ள மஹ்சீர் மீன் ஒன்று தூண்டிலில் பிடிபட்டது. நம் பக்கத்தில் ஆனைக்கெண்டை என்பார்களே, அந்தக் குடும்பத்து மீன். தூண்டில் பிடித்த கனவானின் பெயர் சாதனைப் பட்டியலில் இன்றும் இருக்கிறது. அப்படிப்பட்ட பட்டியல்களில் பரிசல் தள்ளியவருக்கும் மீன் கிடக்கும் மடுவைக் காட்டியவருக்கும் இடமில்லை.

காவிரி தந்த பாடம்

சுதந்திரத்துக்குப் பிறகும் இந்தத் தொழில் தொடர்ந்தது. கர்நாடகத்தில் காவிரிக் கரையில் பீமேஸ்வரி, தொட்டமாக்களி, கலிபோர் ஆகிய இடங்களில் தூண்டில் முகாம்கள் நடந்தன. உலகெங்குமிருந்து பணக்காரர்கள் வந்தார்கள். பிடித்த மீனை மீண்டும் ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும் என்பது முகாமின் விதி. கரையோரக் கிராமத்து ஏழைகள் வழிகாட்டிகளாக அமர்ந்தார்கள். அவர்களில் சிலர் முன்பு வலையும் வெடியும் போட்டு மீன் பிடித்தவர்கள்.

அவர்கள் வேலை என்ன தெரியுமா? விடியுமுன் பரிசல் இறக்க வேண்டும். கேழ்வரகுக் களியை இறுகப் பிசைந்து தூண்டில் முள்ளில் உருட்டிப் பொதிய வேண்டும். எந்தப் பாறைக்குப் பின்னால், எந்தச் சுழிப்பில் மீன் ஒதுங்கும் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். மீன் கவ்விக்கொண்டு ஓடினால் பரிசலைத் திருப்பி அதன் பின்னால் போக வேண்டும். நரம்பு பாறையில் சிக்கினால், முதலை வாழும் தண்ணீர் என்று தெரிந்தும் இறங்கி எடுத்துவிட வேண்டும். கரையில் யானை நின்றால் விருந்தாளிக்கு முன் தான் கண்டாக வேண்டும். கடைசியில் எடை போட்டு, படமெடுத்து முடிந்ததும், களைத்த மீனைத் தண்ணீரில் தாங்கிப் பிடித்து, அது தெளிந்து நீந்திப் போகும்வரை காத்திருக்க வேண்டும். வந்தவருக்கு விளையாட்டு. இவருக்கோ உயிரைப் பணயம் வைத்த உழைப்பு.

நடந்தது என்ன? 2010க்குப் பிறகு, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டிச் சரணாலயத்துக்குள் தூண்டில் விளையாட்டு நிறுத்தப்பட்டது. விளையாட்டுக்காரருக்கு நஷ்டமில்லை, வேறு நாட்டு ஆற்றுக்குப் போய்விடலாம். முகாமை நடத்தியவர்கள் படகுச் சவாரி, பறவை பார்த்தல் என்று தொழிலை மாற்றிக்கொள்ளலாம். மீனையே நம்பியிருந்த வழிகாட்டி எங்கே போவார்? முகாமைத் திறந்தபோதும் அவரைக் கேட்கவில்லை. மூடியபோதும் கேட்கவில்லை. அவர்கள் காவல் இல்லாமல் போனதும் வெடிக்காரர்கள் திரும்பி வந்தார்கள் என்று மீன் ஆய்வாளர்களே எழுதினார்கள்.

இன்னொரு உண்மையையும் சொல்ல வேண்டும. தூண்டில்காரர்களுக்கு மீன் பெருகட்டும் என்று 1970களில் மகாராஷ்டிரத்து லோனாவாலாப் பொரிப்பகத்திலிருந்து வேறொரு மஹ்சீர் இனத்தைக் கொண்டுவந்து காவிரியில் விட்டார்கள். அது பெருகியது. காவிரிக்கே சொந்தமான, முதுகு திமில்போல் உயர்ந்த ஆனைக்கெண்டை அருகியது. 1998 முதல் 2012 வரை கலிபோர் முகாமில் பிடிபட்ட மீன்களின் பதிவேட்டைக் கொண்டுதான் விஞ்ஞானிகள் இதை நிரூபித்தார்கள். 2018இல் அந்த மீன் அழிவின் விளிம்பில் நிற்பதாக அறிவிக்கப்பட்டது. இன்று அதற்குள்ள முக்கியமான புகலிடம் நம் மாயாறு. மேலே இருப்பவர் முடிவெடுப்பதும் ஆற்றோடு வாழ்பவர் விளைவைச் சுமப்பதும் மாறாதவரை, காடும் பிழைக்காது, மக்களும் பிழைக்க மாட்டார்கள். காவிரி தந்த பாடம் இதுதான்.

அமெரிக்காவில் மட்டும் என்ன?

பணக்கார நாட்டில் வழிகாட்டி வளமாக இருப்பார் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் மேற்கே மொன்டானா மாநில ஆறுகளில் ஈத்தூண்டில் பெரிய வியாபாரம். முள்ளில் இறகையும் நூலையும் சுற்றி ஈயைப் போலச் செய்து, தண்ணீர்மேல் வீசி ட்ரவுட் மீனை ஏமாற்றும் வித்தை அது. 1992இல் அந்த ஆறுகளைக் காட்டி ஒரு சினிமா வந்த பிறகு கூட்டம் இன்னும் பெருகியது. எந்த மாதம் எந்தப் பூச்சி தண்ணீரிலிருந்து எழும்பும் என்று அங்குள்ள வழிகாட்டிக்கு மனப்பாடம். நாள் முழுதும் துடுப்புப் போடுபவரும் அவரே. ஆனால் அந்த மாநிலச் சட்டப்படி அவர் தன் பேரில் விருந்தாளியை அழைத்துப் போக முடியாது. லைசென்ஸ் வைத்திருக்கும் முகாமுதலாளியின் கீழ்தான் போக வேண்டும். நாள்கூலியோடு விருந்தாளி தரும் இனாமையும் நம்பித்தான் பிழைப்பு. பனிக்காலம் வந்தால் வேறு வேலை தேட வேண்டும்.

அதே மொன்டானாவில்தான் பியூட் நகரத்துத் தாமிரச் சுரங்கக் கழிவு ஆற்றை நஞ்சாக்கியது. அங்கே வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளருக்குத் துணைநின்ற தொழிற்சங்கத் தலைவர் ஃபிராங்க் லிட்டில் 1917இல் முகமூடி அணிந்தவர்களால் தூக்கிலிட்டுக் கொல்லப்பட்டார். ஆற்றைக் கெடுத்த முதலாளித்துவமே தொழிலாளியையும் கொன்றது. ஆயினும் மக்கள் விடவில்லை. ஆறு நிலச்சுவான்தாரின் தனிச்சொத்தல்ல, அதில் இறங்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு என்று 1984இல் நீதிமன்றத்திலும் 1985இல் சட்டசபையிலும் நிலைநாட்டினார்கள்.

எவரெஸ்டில் ஒரு வேலைநிறுத்தம்

வழிகாட்டிகளை ஒன்றுசேர்க்க முடியுமா, ஆளுக்கொரு பாதையில் நடக்கிறவர்களாயிற்றே என்று சிலர் கேட்கலாம். முடியும். 2014 ஏப்ரல் 18 அன்று எவரெஸ்ட் சிகரப் பாதையில் பனிப்பாறை சரிந்து 16 நேபாளத் தொழிலாளர்கள் மாண்டார்கள். ஏற வந்தவர்களுக்காகக் கயிறு கட்டவும் சுமை தூக்கவும் போனவர்கள் அவர்கள். நேபாள சர்க்கார் குடும்பத்துக்கு 40,000 நேபாள ரூபாய் உடனடி உதவி என்றது. ஏற வந்தவர்கள் கட்டிய பணமோ ஆளுக்குப் பல லட்சம்! ஷெர்பாக்கள் கொதித்தெழுந்தார்கள். ஏற மாட்டோம் என்றார்கள். அந்தப் பருவத்தில் தெற்குப் பக்கத்துப் பாதையே நின்றுபோயிற்று. அதன் பின் அவர்களுக்கான இன்ஷூரன்ஸ் தொகை உயர்ந்தது. உலகின் மிக உயர்ந்த மலையிலும் உழைப்பாளி கையை மடக்கினால் ஒன்றும் நகராது என்பது அன்று நிரூபணமாயிற்று.

நமது கோரிக்கைகள்

செண்பகத்தோப்பில் நாம் கேட்பது பிச்சையல்ல. சட்டத்தில் உள்ளதையும் நியாயத்தில் உள்ளதையும் கேட்கிறோம்.

1. வழிகாட்டிக்கு இனாம் அல்ல, நிர்ணயிக்கப்பட்ட கூலி வேண்டும். பாதை மூடப்படும் மாதங்களில் தீத்தடுப்புக் கோடு வெட்டுதல், ஓடை சுத்தம் செய்தல், காவல் போன்ற வேலைகளை அவர்களுக்கே கொடுத்துக் கூலி வழங்க வேண்டும்.

2. ஒவ்வொரு வழிகாட்டிக்கும் விபத்து இன்ஷூரன்ஸ் வேண்டும். 1982ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டப்படி நலவாரியத்தில் பெயர் பதிய வேண்டும்.

3. எந்தப் பாதையைத் திறப்பது, எத்தனை பேரை விடுவது, கட்டணத்தில் ஊருக்கு எவ்வளவு என்பதைக் கிராமசபையைக் கேட்டுத் தீர்மானிக்க வேண்டும்.

4. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தை முழுமையாக அமல்படுத்த வேண்டும். தேன், கிழங்கு, சிறு வனப்பொருள் மட்டுமல்ல, நீர்நிலைகளின் மீனும் அந்தச் சட்டத்தில் சமூக உரிமையாகச் சொல்லப்பட்டிருக்கிறது. புலிகள் காப்பகம் என்ற பெயரைச் சொல்லி அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது.

5. தினக்கூலிக்கும் தொகுப்பூதியத்துக்கும் உழலும் வேட்டைத் தடுப்புக் காவலர்களை நிரந்தரமாக்க வேண்டும்.

புலியைக் காப்பதற்கு நாம் விரோதியல்ல. காட்டைக் காக்கவே மலைமக்களைக் காக்கச் சொல்கிறோம். வன இலாகாவின் அதிகாரத்தை எதிர்த்து ஏழை ஜெயிக்க முடியுமா என்று தயங்குகிறவர்கள் வாச்சாத்தியை நினைத்துப் பார்க்கட்டும். 1992 ஜூனில் தர்மபுரி மாவட்டத்தின் அந்த மலைக்கிராமத்தைச் சூறையாடிப் பெண்களை நாசம் செய்த வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஊழியர்கள் 269 பேர்மீது வழக்கு நடந்தது. உயிரோடிருந்த 215 பேரும் 2011இல் தண்டிக்கப்பட்டார்கள். 2023இல் உயர்நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது. மலைவாழ் மக்கள் சங்கமும் செங்கொடி இயக்கமும் விடாமல் நின்றதால் அது நடந்தது.

ஆலைத் தோழர்களே! விவசாயத் தொழிலாளத் தோழர்களே! மலைக்காரர் விஷயம் நமக்கென்ன என்று ஒதுங்க வேண்டாம். ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சுற்றுவட்டாரக் கண்மாய்கள் நிறைவது இந்த மலைத் தண்ணீரால். கண்மாய் நிறைந்தால் நடவு, நடவு இருந்தால் கூலி. அந்தத் தண்ணீரின் ஊற்றுக்கண்ணைக் காவல் காப்பவர் பளியர். அவருடைய சங்கத்துக்கு நம் சங்கம் தோள் கொடுக்க வேண்டும். அடுத்த ஆலைவாயில் கூட்டத்திலும், அடுத்த விவசாயத் தொழிலாளர் சங்கக் கூட்டத்திலும் இந்த ஐந்து கோரிக்கைகளையும் தீர்மானமாக நிறைவேற்றி, கலெக்டருக்கும் வன இலாகாவுக்கும் அனுப்புவோம்.

பாதை காட்டும் உழைப்பாளி இனியும் பதிலியாக இருக்கக் கூடாது. மலையும் சமவெளியும் ஒரே அணியில் நின்றால் அது நடக்கும்!