வியட்னாமியரும் பிரெஞ்சுப் பரீட்சையும்

1954 ஆம் ஆண்டு மே மாதம் 7 ஆம் நாள் தியன் பியன் பூவிலே பிரெஞ்சுப் படை வீழ்ந்தது. ஏறத்தாழ நூறாண்டு வியட்னாமை அடக்கி ஆண்ட வல்லரசு அந்த மண்ணை விட்டு நீங்க வேண்டிய நிலை அன்று உறுதியாயிற்று. அப்போரிலே நின்ற தலைமுறையின் பேரர்கள் இன்று ஹனோயிலும் ஹோ சி மின் நகரிலும் பரீட்சை மண்டபங்களில் அமர்ந்து, பிரெஞ்சு ஒலிப்பதிவு ஒன்றைச் செவிமடுத்து, நான்கு விடைகளுள் சரியானது எதுவெனத் தேடிக்கொண்டிருக்கின்றனர். அவர்கள் குடிபுக விரும்பும் நாடு பெரும்பாலும் பிரான்சன்று, கனடா.

விரட்டிய மொழியைக் காசு கொடுத்துக் கற்கின்றனரே என்று நகைப்போர் உளர். நாம் நகைக்க மாட்டோம். மொழிப் பரீட்சை எத்தன்மையது என்பதைச் சம்பள ஏற்றத்தை இழந்து கற்றுக்கொண்ட மக்கள் நாம்.

அவர்கள் ஏன் பிரெஞ்சை நாடுகின்றனர் என்பதை முதலில் நோக்குவோம். கனடாவின் மத்திய அரசு, எக்ஸ்பிரஸ் என்றி எனப்படும் முறையிலே விண்ணப்பதாரருக்கு வயது, கல்வி, தொழில், மொழி என்பவற்றுக்குப் புள்ளியிட்டு, உயர்ந்த புள்ளி பெற்றோரை அழைக்கின்றது. ஆங்கிலம் மட்டும் தெரிந்தோர் கூட்டம் பெருகப் பெருக அழைப்புக்குரிய புள்ளியும் ஏறிற்று. 2023 ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிந்தோர்க்கெனத் தனி அழைப்பு ஏற்படுத்தப்பட்டது. 2024 பெப்ரவரியில் பொது அழைப்புக்கு 500க்கு மேற்பட்ட புள்ளி வேண்டியிருக்க, பிரெஞ்சு அழைப்பு ஒன்றுக்கு 336 புள்ளி போதுமானதாயிற்று. கணக்குத் தெரிந்த எந்த இளைஞன்தான் இவ்வேறுபாட்டைக் காணாதிருப்பான்? கியூபெக் மாகாணத்துக்குப் போக விரும்புவோர்க்கோ பிரெஞ்சு இன்றியமையாத வாயில். 1991 ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி தன் மண்ணுக்கு வரும் தொழிலாளரைத் தெரிந்தெடுக்கும் அதிகாரம் அம்மாகாணத்தின் கையிலேயே இருக்கின்றது.

பரீட்சைகள் இரண்டு. ஒன்று, பாரிசுக்கு அண்மையிலுள்ள செவ்ர் நகரில் இயங்கும் பிரெஞ்சு அரச நிறுவனம் நடத்தும் ரி.சி.எப்.; மற்றையது பாரிஸ் வர்த்தக சங்கத்தின் ரி.ஈ.எப். முன்னையதில் கேட்டலுக்கு 35 நிமிடத்தில் 39 வினாக்கள். வாசிப்புக்கு 60 நிமிடத்தில் 39 வினாக்கள். எழுத்துக்கு 60 நிமிடம். பேச்சுக்கு 12 நிமிடம். தனி அழைப்புக்குத் தகுதிபெற நான்கிலும் ஏழாம் படியை எட்டவேண்டும். கேட்டலிலே ஏழாம் படி 458 புள்ளியில் தொடங்குகின்றது. 457 பெற்றவன் ஆறாம் படியினன். மற்றைய மூன்றிலும் அவன் பத்தாம் படியிலே நின்றாலும் பயனில்லை. கட்டணத்தைத் திரும்பவும் கட்டி, நான்கு பகுதிகளையும் திரும்பவும் எழுதவேண்டியதுதான்.

அந்தப் படியை எட்டுவது வியட்னாமியனுக்கு இலகுவன்று. அவனது தாய்மொழி தொனியினாற் பொருள் வேறுபடும் மொழி. அதிலே வினைச்சொல் காலத்துக்கும் இடத்துக்கும் ஏற்பத் திரிவதில்லை. பெயர்ச்சொல்லுக்கு ஆண்பால் பெண்பால் இல்லை. பிரெஞ்சிலோ மேசைக்கும் பால் உண்டு! வியட்னாமிய மொழி இன்று உரோம எழுத்திலே எழுதப்படுவதால் பிரெஞ்சு எழுத்து அவனுக்குப் பழகிய முகம்போலத் தோன்றும்; ஆயின் ஒலி முற்றிலும் வேறு. கத்தோலிக்கக் குருமார் வகுத்த அந்த எழுத்துமுறையிலே அலெக்சாந்தர் தெ ரோட் என்னும் பாதிரியாரின் அகராதி 1651 இல் ரோமாபுரியில் அச்சாயிற்று. போர்த்துக்கேயரிடமிருந்து பாணையும் அலுமாரியையும் சப்பாத்தையும் நாம் எடுத்துக்கொண்டதுபோல, கோப்பி, சவர்க்காரம், புகையிரத நிலையம் ஆகியவற்றின் பெயர்களை வியட்னாமியர் பிரெஞ்சிலிருந்து எடுத்துக்கொண்டனர். ஆனால் நாலு சொற் கலப்பினால் 35 நிமிடக் கேள்விப் பரீட்சையில் சித்தியெய்த முடியுமா? இன்று அந்நாட்டுப் பாடசாலைகளில் ஆங்கிலமே முதல் அந்நிய மொழி. ஆகவே பலர் வளர்ந்த பின்னரே, பகலில் வேலைசெய்து இரவில் வகுப்புக்குச் சென்று, பிரெஞ்சை அரிச்சுவடியிலிருந்து தொடங்குகின்றனர்.

பரீட்சையினால் மனிதரை அளக்கும் வழக்கம் வியட்னாமுக்குப் புதிதன்று. பல நூற்றாண்டுகளாகச் சீன எழுத்திலே நடைபெற்ற அரச உத்தியோகப் பரீட்சையின் கடைசி அமர்வு 1919 இல் ஹுவே நகரில் நடைபெற்றது. அதன்பின் உத்தியோகத்துக்கு வழி பிரெஞ்சுப் பாடசாலையே. அன்றைய பரீட்சை, சொந்த மண்ணிலே சொந்த மக்களை ஆளப்படுவோராக்கிய பரீட்சை. இன்றையது பிறர் வீட்டு வாயிலில் நின்று எழுதும் பரீட்சை. இரண்டையும் ஒன்றெனக் கொள்வது தவறு.

இந்த வேறுபாட்டை எமது வாசகருக்கு விளக்கத் தொலைவு போகவேண்டியதில்லை. 1956 ஆம் ஆண்டுச் சிங்களம் மட்டும் சட்டத்தின் பின், 1961 ஆம் ஆண்டுத் திறைசேரிச் சுற்றறிக்கை ஒன்றின்படி சிங்களப் பரீட்சையில் சித்தியெய்தாத உத்தியோகத்தரின் சம்பள ஏற்றம் நிறுத்தப்பட்டது. எழுதுவினைஞர் கோடீஸ்வரன் நீதிமன்றம் சென்றார். 1964 இல் மாவட்ட நீதிமன்றம், அச்சட்டம் அரசியலமைப்பின் 29 ஆம் பிரிவுக்கு முரணானது என்றே தீர்ப்பளித்தது. 1967 இல் உயர்நீதிமன்றம், அரச ஊழியன் சம்பளத்துக்காக முடியின்மீது வழக்குத் தொடர முடியாது என்று கூறி அதைத் தள்ளியது. 1969 இல் கோமறைக் கழகம் அந்த முடிவை மாற்றிற்று. சட்டம் செல்லுமா செல்லாதா என்ற கேள்வியையோ தொடாமல் விட்டது. கோடீஸ்வரன் எங்கும் குடிபெயர விண்ணப்பித்தவரல்லர். தன் நாட்டில், தான் பிறந்த உரிமையினால் வகித்த பதவியில் இருந்தவர். தன் குடிமகனின் மொழியைக் குற்றமாக்கும் பரீட்சைக்கு நியாயம் எதுவுமில்லை. வெளியிலிருந்து வருவோனிடம் "எங்கள் மொழியை அறிந்து வா" என்று கேட்கும் பரீட்சைக்கு நியாயம் உண்டு.

ஆம், உண்டு என்றே சொல்கின்றோம். வட அமெரிக்காவின் ஆங்கிலக் கடலிலே கியூபெக் ஒரு பிரெஞ்சுத் தீவு. 1977 இல் 101 ஆம் சட்டத்தை இயற்றி, குடிவந்தோரின் பிள்ளைகளைப் பிரெஞ்சுப் பாடசாலைக்கு அனுப்பியிராவிடின் மொன்றியல் நகரின் மொழி இன்று எதுவாக இருந்திருக்கும்? அந்நகரில் வாழும் எம்மவரின் பிள்ளைகளும் அச்சட்டத்தின் கீழேயே பிரெஞ்சு கற்றனர். தமிழுக்கு ஒரு பாதுகாப்பு வேண்டும் என்று மேடைதோறும் முழங்கும் நாம், பிரெஞ்சுக்கு அது கூடாதென்று வாதாட முடியாது. சட்டத்தரணி என்ற முறையில் எம்மால் இயலாத வாதங்களுள் அதுவும் ஒன்று.

எமது முறைப்பாடு வேறு. உரிமை உடையவன் அதைப் பிரயோகிக்கும் விதத்தைப் பற்றியது அது.

ரி.சி.எப். பெறுபேறு இரண்டாண்டிலே காலாவதியாகின்றது. அதே செவ்ர் நிறுவனம் வழங்கும் டெல்ப் என்னும் சான்றிதழுக்கோ காலவரையறையே இல்லை. வாழ்நாள் முழுவதும் செல்லும். அந்த டெல்பைக் கனடிய மத்திய அரசு குடிவரவுக்கு ஏற்பதில்லை. ஒரே நிறுவனம், ஒரே மொழி. ஒரு தாள் சாகின்றது, மற்றத்தாள் சாவதில்லை! மொழி அறிவு பயிலாவிடின் மங்கும் என்பதை ஒப்புக்கொள்கின்றோம். ஆயின் விண்ணப்பதாரன் அழைப்புக்குக் காத்திருப்பது தன் குற்றத்தினால் அன்று. அரசு அழைக்கத் தாமதித்ததனால். தாமதம் அரசினது, செலவு விண்ணப்பதாரனது என்பது எந்த நீதி? நெல்லை அளந்து கொடுத்த கமக்காரனிடம், களஞ்சியக்காரன் கணக்கெழுதப் பிந்திவிட்டான் என்பதற்காக மறுமுறையும் நெல் கேட்பதை ஒக்கும் இது.

இரண்டாவது முறைப்பாடு பெரிது. பாதையை நம்பி நடந்தோரின் காலடியிலேயே பாதை அகற்றப்படுகின்றது. 2019 பெப்ரவரியில் கியூபெக் அரசு புதிய சட்டமூலம் ஒன்றைக் கொண்டுவந்து, தேங்கிக் கிடந்த ஏறத்தாழ 18,000 விண்ணப்பங்களை ஒரே அடியாகத் தள்ளிவிட முனைந்தது. நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்துப் பரிசீலனையைத் தொடரச் சொன்னது. அவ்வாண்டு ஜூனில் சட்டம் நிறைவேறியதும் எஞ்சியவை தள்ளப்பட்டன. ஒவ்வொரு விண்ணப்பத்தின் பின்னும் ஒரு குடும்பம் இருந்தது. 2025 நவம்பரில், அம்மாகாணத்தில் படித்தோரும் வேலைசெய்தோரும் பிரெஞ்சறிவைக் காட்டி நிரந்தர வதிவிடம் பெற வகைசெய்த திட்டமும் முடிவுக்கு வந்தது. அதை நம்பிச் சென்று, கட்டணம் செலுத்தி, பனியில் நடந்து பிரெஞ்சு கற்றோர் புதியதொரு புள்ளித் திட்டத்தின் வரிசையில் போய் நிற்கவேண்டியவராயினர். முறையான எதிர்பார்ப்பு என்று சட்டத்திலே ஒரு கோட்பாடு உண்டு. அதிகாரம் உடையவன் தன் வாக்கை நம்பி நடந்தவனை நடுவழியில் கைவிடலாகாது என்பது அதன் சாரம். பிரெஞ்சு கற்று வந்தால் இடம் தருவோம் என்பது வாக்கு அன்றோ?

பரீட்சை இல்லாமல் வந்தோர் பிரெஞ்சு கற்கவில்லையா என்பதையும் கேட்டுப் பார்க்கலாம். 1979, 1980 ஆம் ஆண்டுகளில் கனடா இந்தோசீன அகதிகள் ஏறத்தாழ 60,000 பேரை ஏற்றது. வள்ளங்களிலே உயிரைப் பணயம் வைத்து வந்த அவர்களிடம் கேட்டல், வாசிப்பு, எழுத்து, பேச்சு என்று நாலு பகுதியாக எவரும் பரீட்சை நடத்தவில்லை. 1986 இல் கனடிய மக்களுக்கே நான்சன் பதக்கம் கிடைத்தது. கியூபெக்குக்கு வந்தோர்க்கு அம்மாகாண அரசு தனி நிலையங்களில் பிரெஞ்சு கற்பித்தது. அந்நிலையங்கள் 2000 ஆம் ஆண்டில் மூடப்பட்டன. வந்தபின் கற்பிக்கும் பொறுப்பு அன்று அரசின் தோளில் இருந்தது. இன்றோ அதன் பெரும்பகுதி, ஹனோயில் இரவு வகுப்புக்குப் போகும் தாதியின் தோளுக்கும் கணக்காளனின் தோளுக்கும் மாறிவிட்டது.

ஆகவே கியூபெக்கும் ஒட்டாவாவும் பரீட்சையைக் கைவிடவேண்டும் என்று நாம் கேட்கவில்லை. விண்ணப்பதாரன் தன் பெயரைப் பதிவுசெய்த நாளில் செல்லுபடியான பெறுபேறு, அவ்விண்ணப்பம் முடிவுறும் வரை செல்லுபடியாதல் வேண்டும். ஒரு பகுதியில் தவறியவன் அந்த ஒரு பகுதியை மட்டும் மீண்டும் எழுத இடமிருத்தல் வேண்டும். விதி மாறுமாயின், பழைய விதியை நம்பிப் படிக்கத் தொடங்கியவர் பழைய விதியின்படியே முடிக்க அனுமதிக்கப்படல் வேண்டும். பிரெஞ்சு பேசும் நாடுகளின் மாநாட்டை 1997 இல் ஹனோயில் வரவேற்று நடத்திய வியட்னாம் அரசு, தன் மக்களுக்காக இம்மூன்றையும் அந்த மேடையிலேயே கேட்கலாம். அங்கே கனடாவும் கியூபெக்கும் தனித்தனி ஆசனங்களில் அமர்ந்திருக்கின்றன.