இங்கிலீஷ் படிப்பும் உருப்போடுதலும்

எட்டு வருஷ காலம் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படித்த ஒரு கிராமத்துப் பையனை, "இந்த ரயில் எத்தனை மணிக்குப் புறப்படும்?" என்று அந்தப் பாஷையில் கேட்டால் விழிக்கிறான். ஆனால் பசுவைப் பற்றிய வியாசத்தை மாத்திரம் மூச்சு விடாமல் ஒப்புவிக்கிறான். அர்த்தம் தெரியாமல் மந்திரம் சொல்லுகிறவனுக்கும் இவனுக்கும் என்ன வித்தியாசம்? குற்றம் பையனுடையதல்ல, கற்பிக்கும் முறையினுடையதேயாகும்.

முதலில் இலக்கண விதி, பிறகு உதாரணம், அதன் பிறகு உருப்போடுதல் என்பதே வெகுகாலமாய் நடந்து வரும் வழக்கம். நீந்தும் விதிகளை மனப்பாடம் செய்தவன் ஆற்றில் நீந்திவிடுவான் என்று யாராவது நம்புவார்களா?

இதற்கு மாற்று உண்டா என்றால், உண்டு. சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்த என். எஸ். பிரபு என்பவர், பெங்களூர், சென்னை முதலிய ஊர்ப் பள்ளிக்கூடங்களில் 1979 முதல் 1984 வரை அதை நடத்தியே காட்டினார். உபாத்தியாயர் ஒரு ரயில் அட்டவணையைப் பலகையில் எழுதுவார். எந்த வண்டி முந்திப் போய்ச் சேரும், அதைத் தவறவிட்டால் அடுத்தது எது என்று வகுப்பில் சிலரை இங்கிலீஷிலேயே கேட்பார். பிறகு அதே மாதிரியான வேறொரு வேலையை ஒவ்வொரு பிள்ளையும் தனியே செய்ய வேண்டும். விடை சரியா என்பதுதான் கவனிக்கப்படும். வார்த்தை தவறினால் உபாத்தியாயர் திருத்திச் சொல்லிவிட்டு மேலே போவாரேயொழிய இலக்கணப் பிரசங்கம் செய்யமாட்டார். புத்தி விடையைத் தேடும்போது பாஷை தானாகவே மனதில் படியும் என்பதே இதன் தத்துவம்.

"இலக்கணம் நாசமாய்ப் போகுமே!" என்பார்கள் சில பண்டிதர்கள். பெரெட்டா, டேவிஸ் என்ற இருவர் இரண்டு முறையில் படித்த பிள்ளைகளையும் பரீட்சித்து 1985-ல் முடிவை வெளியிட்டார்கள். அவரவர் முறைக்கேற்ற பரீட்சையில் அவரவர் மேலாயிருந்தனர். பொதுப் பரீட்சைகள் சிலவற்றில் புது முறைப் பிள்ளைகளே மேலாயிருந்தனர். இதைக் கொண்டு புது முறை சகலத்தையும் தீர்த்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. பண்டிதர்களின் பயத்துக்கு ஆதாரமில்லை என்றே சொல்லுகிறோம்.

பணக்காரன் பிள்ளைக்கு வீட்டிலேயே இங்கிலீஷ் காதில் விழுகிறது. கூலிக்காரன் பிள்ளைக்கோ வகுப்பறையை விட்டால் வேறு கதியில்லை. அந்தக் கொஞ்ச நேரத்தையும் உருப்போடுவதில் பாழாக்குவது அவன் பிழைப்பில் மண்ணைப் போடுவதாகாதா?

ஆனால் பரீட்சைக் கேள்வி பழையபடியே இருக்குமானால் எந்த உபாத்தியாயரும் பழைய முறைக்கே திரும்பிவிடுவார். அவர்மேல் குறை சொல்லிப் பயனில்லை. ஆகையால் முதலில் மாற வேண்டியது கேள்வித்தாளேயாகும். பெற்றோர்களே! உங்கள் பிள்ளை எத்தனை மார்க்கு வாங்கினான் என்று கேட்பதோடு நிற்காதீர்கள். ஒரு பஸ் அட்டவணையை அவன் கையில் கொடுத்து, அதை இங்கிலீஷில் விளக்கச் சொல்லிப் பாருங்கள். அவனால் முடியாவிட்டால், பள்ளிக்கூடத்துக்குப் போய்க் காரணம் கேளுங்கள்.